மூடிய ஜன்னலுக்கு ஒரு மாத்திரை

காஜா அக்காவுக்குக் கோபம் வருவது அபூர்வம்; வந்த கோபம் போவது அதைவிட அபூர்வம். சட்டைகளில் பொத்தான் நுழையும் துளையைத் தைப்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சளிக்காய்ச்சல் ஊரையே வளைத்துப்போட்ட சமயம், மேனேஜர் ஒரு டப்பாவோடு தையல் கூடத்துக்கு வந்தார். ஏசிக் குளிர் வீணாகிறதென்று ஜன்னல்களுக்கெல்லாம் ஆணி அடித்த புண்ணியவான் அவர்தான்.

"தினம் ஆளுக்கு ஒரு விட்டமின் மாத்திரை. எந்த வைரஸும் கிட்ட வராது. அதனால காய்ச்சல், லீவுன்னு இனிமே யாரும் வந்து நிக்கக் கூடாது."

காய்ச்சல் வராவிட்டால் மாத்திரையின் மகிமை. வந்துவிட்டால் ஒழுங்காகச் சாப்பிடாதவளின் குற்றம். தோற்கவே வழியில்லாத மருந்து.

வேடிக்கை என்னவென்றால், அக்கா அதை முழுசாக நம்பினார். நம்பியதால்தான் சாப்பிடவில்லை. கைக்குட்டையில் முடிந்து, பஞ்சாலையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட கணவருக்குக் கொண்டுபோனார். சென்ற முறை சளி பிடித்தபோது மனிதர் பிழைத்ததே பெரும்பாடு.

"என்னடி, புளிப்பு மிட்டாய் மாதிரி இருக்கு?"

"மிட்டாயோ மண்ணோ, பேசாம மெல்லுங்க."

அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம், ஜன்னல் ஆணிக் கதையோடு சேர்த்து, அக்கா இதைப் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உடம்புல சத்து குறைஞ்சவங்களுக்குக் கொஞ்சம் உதவலாம், உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா பூட்டின ரூம்ல பக்கத்துல ஒருத்தர் இருமிட்டே இருந்தா, டப்பாவையே முழுங்கினாலும் நம்ப முடியாது. நீங்க அங்கேருந்து சளியக் கொண்டுவந்தா இவர் தாங்க மாட்டார்."

மறுநாள் பக்கத்து மெஷினில் காலர் தைக்கும் பெண் அனலாய்க் கொதித்தபடி இருமிக்கொண்டிருந்தாள். லீவு கேட்டதற்கு, "மாத்திரையத் துப்பியிருப்பே" என்றாராம் மேனேஜர். அக்காவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. எழுந்து நின்றார்.

"சார், நீங்களும் மாத்திரை போடறீங்கல்ல?"

"தினம் ரெண்டு!"

"அப்ப பயமில்ல. இந்தப் பொண்ணு பக்கத்துல ஸ்டூல் போடறேன். சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க."

அந்த நேரம் பார்த்து அவள் இருமினாள். மேனேஜர் ஓரடி வைத்தார், பின்பக்கமாக. கைக்குட்டை தானாக மூக்குக்குப் போனது.

"ரெண்டு போட்ட உங்களுக்கே காலு பின்னால போகுது. ஒண்ணு போட்டவள என்ன இரும்புலயா செஞ்சிருக்கு? உங்க குளிரு வீணாகக் கூடாது, என் வீட்டுக்காரர் மூச்சு வீணாப் போகலாமா?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சரி சரி, அவ வீட்டுக்குப் போகட்டும்."

"ஜன்னலு?"

"அதுக்கு மேலிடத்துல கேக்கணும்."

"ஆணி அடிக்கறப்ப யாரக் கேட்டீங்க?"

இஸ்திரிக்காரர் சுத்தியலோடு வந்தார். கடைசி ஆணி கழன்று விழும்வரை அக்கா உட்காரவில்லை.

மறுநாளும் டப்பா வந்தது. அக்கா கையை நீட்டினார்.

"உனக்கு எதுக்கு இனிமே?" மேனேஜர் முறைத்தார்.

"ஏன், குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? மிட்டாய் இல்லாமப் போனா எங்க வீட்டுல கோவிச்சுக்கறாரு."

சொல்லிவிட்டுத் திறந்த ஜன்னலோரம் தன் மெஷினை இழுத்துப்போட்டுக்கொண்டார். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.