மொட்டாக வெட்டிய பூக்கள்

“பூப்பறிக்கிறவ பொண்ணு ஒட்டுன டப்பா, பெங்களூருக்குப் பேசுமாக்கும்?” உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பராமரிப்புப் பொறுப்பாளராக இருந்தவர், குளிர் அறைச் சுவரில் நான் மாட்டிய பெட்டியைப் பார்த்துக் கேட்டது இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா அங்கே பூப்பறித்தாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் மேல் உள்ள கோபம் இத்தனை வருடத்தில் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

வெப்பநிலையை அளக்கும் ஒரு சில்லு, அதோடு கேபிளில் இணைத்த ஒரு பழைய கைப்பேசி. பெட்டிக்குள் அவ்வளவுதான். கரண்ட் போனாலும் கைப்பேசியின் பேட்டரியில் ஓடும். அறை எட்டு டிகிரியைத் தாண்டினால், அந்தக் கைப்பேசி இணையம் வழியாகப் பெங்களூரில் ஒரு குறுஞ்செய்தி நிறுவனத்தின் கணினிக்குத் தகவல் அனுப்பும். பட்டியலில் பதிந்து வைத்த எண்களுக்கு அந்தக் கணினி செய்தி அனுப்பும். அப்போது அதில் இருந்தது பொறுப்பாளரின் எண் மட்டும்தான். ரோஜாவை மொட்டாகத்தான் வெட்டுவார்கள். குளிர் குறைந்தால் அறைக்குள்ளேயே விரிந்துவிடும். அப்படி விரிந்தபோதெல்லாம், விரிந்த பூவை வெட்டிவிட்டார்கள் என்று பறித்த பெண்கள் மேல்தான் பழி விழுந்தது. அதற்காகவே அந்தப் பெட்டியைச் செய்தேன்.

பிப்ரவரியில் காதலர் தின ஏற்றுமதிக்கு முன்பு ஒரு நாள் மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட வேண்டியவர் அந்தப் பொறுப்பாளர். போடவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தபோது பூக்கள் விரிந்து கிடந்தன. அம்மா வெட்டிய வரிசைதான் காரணம் என்று முதலாளியிடம் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அம்மாவை அனுப்பிவிட்டார்கள்.

“மொட்டாத்தான் வெட்டுனேன் பாப்பா. அத்தன பேரு பாத்தாளுங்க, ஒருத்தி வாயத் தொறக்கல” என்றாள் அம்மா. அழவில்லை.

மறுநாள் பொறுப்பாளரிடம் கேட்டேன். “மெசேஜ் வரலையா சார்?”

“எங்க வந்துச்சு? உன் டப்பா கர்நாடகா டவரப் புடிச்சிருக்கும். பார்டர்ல உக்காந்துக்கிட்டு செல்லு நம்புற ஆளு நீதாம்மா.”

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊர்க் கைப்பேசிகள் நாளுக்கு நான்கு முறை அந்தப் பக்க டவருக்குத் தாவி ஊமையாகிவிடும். அரை நாள் நானே அவர் சொன்னதை நம்பினேன். அதற்காக என் மேலும் எனக்குக் கோபம்தான்.

ஓசூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்தக் குறுஞ்செய்தி நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்தேன். பன்னிரண்டு நாற்பதுக்குப் பெட்டியிலிருந்து தகவல் போயிருந்தது. அதற்கு அடுத்த வரியில் அவருடைய எண், செய்தி போய்ச் சேர்ந்தது என்ற குறிப்போடு. தன் கைப்பேசியில் அழித்துவிட்டால் உலகத்திலேயே அழிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் முதலாளி முன் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பக்கத்தில் நின்ற பொறுப்பாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிம்மா, அம்மாவ வரச் சொல்லு. இத வெளிய பேச வேணாம். இனிமே மெசேஜ் எனக்கும் இவருக்கும் வந்தாப் போதும்” என்றார் முதலாளி. மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

பிரவுசிங் சென்டரை விட்டுக் கிளம்பும் முன்பே, கைப்பேசி வைத்திருந்த பூப்பறிக்கும் பெண்கள் அத்தனை பேரின் எண்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அதனால் செய்தியில் இருந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு, அறையின் டிகிரியை மட்டும் வைத்திருந்தேன்.