சைக்கிள்காரி அந்தோணியின் இரண்டாவது ஆல்பம்

திருப்பூரில் அந்தோணிராஜ் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சைக்கிள்காரி அந்தோணி என்று கேட்டால், நாற்பது வயதைத் தாண்டிய டெய்லர் எவரும் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து, “அட, அந்தாளு இன்னும் இருக்காரா?” என்பார். இருந்தார். அதே டெய்லர் தைத்த பனியனுக்கு நாலு மேசை தள்ளி நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இருக்கிற ஆளை ஊரெல்லாம் விசாரிப்பதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர் அவர். பகலில் கம்பெனியில் துணி மூட்டை தூக்கினார், மாலையில் மெல்லிசைக் குழுவில் பாடினார். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி அவரை வைத்து ‘சைக்கிள்காரி’ என்று ஒரு கேசட் போட்டது. பெல் அடிக்காமல் வந்து நெஞ்சில் மோதிவிட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. அதில் அர்த்தம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் தையல் மெஷினின் வேகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திப் போனதால், பனியன் கம்பெனிகள் அதை இரண்டு வருஷம் தேயத் தேயப் போட்டன. அந்தோணிராஜ் மூட்டையை இறக்கி வைத்தார். தோளில் ஜிகினா வைத்த கோட்டு, விரல் தெரியும் கையுறை, இருட்டிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி என்று ஆளே மாறிப்போனார். கண்ணாடியால் மேடைப்படியில் அடிக்கடி தடுக்கி விழுவார். ரசிகர்கள் அதையும் நடனத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

புகழ் வந்த வண்டியிலேயே கோபமும் பிராந்தியும் ஏறி வந்தன. தான் பாடும்போது யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் எதையும் தின்னக் கூடாது என்பது அவருடைய சட்டம். கல்யாண வீடுகளில் பாடிப் பிழைக்கிறவருக்கு இப்படி ஒரு சட்டம் எதற்கு என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. காங்கேயத்தில் ஒரு வரவேற்பில் பாட்டைப் பாதியில் நிறுத்தி, “எம் பாட்டு பெரிசா, ஒங்க போண்டா பெரிசா?” என்று மைக்கில் கேட்டார். கூட்டம் கொஞ்சநேரம் யோசித்துப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனது.

கடைசி அடி கொமரலிங்கம் திருவிழாவில் விழுந்தது. அன்றைக்குக் குரல் எழும்பாத அளவுக்குக் குடித்திருந்தார். கேசட்டை ஓடவிட்டு வாயை மட்டும் அசைப்பதாக ஏற்பாடு. பாதியில் டேப் சிக்கிக்கொண்டது. சைக்கிள்காரியின் பாட்டு எருமை கத்துவதைப்போல இழுத்துக்கொண்டு போக, இவரோ கண்ணை மூடியபடி உதட்டைத் துள்ளலாக அசைத்துக்கொண்டே ஆடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணைத் திறந்தவர் மைக்கைப் பிடித்து, முதல் வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கை நீட்டி, வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். கறுப்புக் கண்ணாடிக்குள் முகம் எதுவும் சரியாகத் தெரியவில்லை, போதை வேறு. அந்தப் பெண் தன் மனைவி ஆஷா என்பது அவருக்கு அடுத்த நாள் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆஷா அழவில்லை, சண்டையும் போடவில்லை. “இனிமே எம் முன்னால பாடாதீய” என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டில் பாட்டு இல்லை. குளிக்கும்போதுகூட மனுஷன் வாயைத் திறப்பதில்லை. மேடைக்கு அழைப்பதை ஊரும் நிறுத்திக்கொண்டது. அவர் திரும்பவும் கம்பெனிக்கே வந்து, மூட்டையிலிருந்து இஸ்திரி மேசைக்கு உயர்ந்தார். குடியையும் விட்டார். அது வேளாங்கண்ணி மாதா செய்த புதுமை என்பார். மாதாவுக்கு உதவியாக அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருந்தாள் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும்.

ஆஷாவுக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடிப்பாள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால், அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுவாள். ஸ்டிக்கர் தாளை இடுப்பில் செருகிக்கொண்டே வீட்டுக்கும் வருவாள். ஒருமுறை முகம் பார்க்கும் கண்ணாடியில் அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. அந்தோணிராஜ் அதற்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தபோது, அது மீசையில் மை பூச விட்டுப்போன இடத்தைக் காட்டியது.

வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று கழித்த துணிக்குச் செகண்ட்ஸ் என்று பேர். அந்த வீட்டில் உடுத்துவது, விரிப்பது, தலையணைக்குப் போடுவது எல்லாமே செகண்ட்ஸ்தான். திருப்பூரில் பாதிப் பேர் அப்படித்தான். உலகத்துக்கே நல்ல துணி அனுப்பிவிட்டு, ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருக்கிற டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதை இங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை.

இப்படியே போயிருக்கும். 2007-இல் முதலாளி பொங்கியண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. ஏற்றுமதியோடு உள்நாட்டுக்கும் ஒரு பனியன் இறக்கினார். ‘மயில்கொண்டை’ என்று பேர் வைத்தார். காதர்பேட்டை மொத்தச் சந்தையில் பனியன் மலையாகக் குவிந்து கிடக்கையில் தன்னுடையதை மட்டும் எவன் எடுப்பான் என்று யோசித்தவர், பெட்டிக்கு ஒரு பாட்டு சிடி இலவசம் என்று முடிவு செய்தார். வாலிபத்தில் சைக்கிள்காரியைக் கேட்டு உருகியவர் அவர். நேராக இஸ்திரி மேசைக்கு வந்தார்.

“ஏனுங்க அந்தோணி, மறுக்காவும் நீங்க பாடோணுமுங்க.”

“எனக்குக் கொரல் போயிட்டுங்கய்யா.”

“அட, போனா போவுதுங்க. இருக்கறத வெச்சுப் பாடுங்க. நம்ம பனியனப் பத்தி ஒரே ஒரு பாட்டு. மிச்சமெல்லாம் உங்க இஷ்டம்.”

அந்தோணிராஜ் இரண்டு நாள் யோசிப்பதுபோல நடித்துவிட்டுச் சம்மதித்தார். ஊர் தன்னைத் திரும்பவும் கொண்டாட வேண்டும் என்ற ஆசை உள்ளே கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. முன்னால் நின்று பாடத்தானே தடை? சிடியில் பாடினால் ஆஷா கேட்கலாம் அல்லவா? ஒரே ஒரு தடவை அவள் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

செல்போன் கடைக்கு மேலே இருந்த ஓர் அறைதான் ஸ்டுடியோ. கீபோர்டு, கம்ப்யூட்டர், ஒலிப்பதிவு எல்லாமே சீனிச்சாமி என்கிற ஒருவர்தான். முதல் பாட்டு முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அண்ணே, மேல போறப்ப சுருதி எறங்குது. நீங்க கவலைப்படாதீங்க, கம்ப்யூட்டர்ல தூக்கி நிறுத்திரலாம்.”

“தூக்காதீங்க” என்றார் அந்தோணிராஜ். “ஒரு தடவ எனக்குப் பதிலா மிசினு பாடி நான் பட்டது போதும். எங்க வீட்டுல கேக்கணும். அவ கேக்கது எங் கொரலா இருக்கணும்.”

சீனிச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தூக்கவில்லை. மொத்தம் எட்டுப் பாட்டு. இழுத்து இழுத்துப் பாடிய சோகப் பாட்டு ஏழு, எட்டாவது பனியன். அட்டைப்படத்துக்குப் பழைய கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியின் ஒரு காது வளைந்து, அதற்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டதால் படத்தில் அவர் எதையோ ஒட்டுக் கேட்பதுபோல் இருந்தது. ‘மறுபடியும் அந்தோணி’ என்று தலைப்பு வைத்தார்கள்.

வெளியீட்டு விழா கம்பெனிக்குள்ளேயே நடந்தது. காலையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு, தையல் ஹாலின் ஸ்பீக்கரில் சிடியைப் போட்டார்கள். டெய்லர்கள் ஆவலாக மிதியில் காலை வைத்தார்கள். அவர்களுக்குக் கூலி பீஸ் கணக்கு, கை ஓடினால்தான் காசு. அந்தப் பிழைப்பை அத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த மனுஷன், பாடும்போது அதை அடியோடு மறந்துபோயிருந்தார். முதல் பாட்டில் மெஷின் வேகம் குறைந்தது. இரண்டாவது பாட்டில் கழுத்துப்பட்டி தைக்கிற வீரணன் தையலை நிறுத்திவிட்டு, ஊரில் விட்டுவந்த அம்மாவை நினைத்து மூக்கைச் சிந்தினார். மூன்றாவதில் ஒரு வரிசையே அசையாமல் நின்றது. பொங்கியண்ணன் ஓடி வந்தார்.

“பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா பாட்டுக் கேட்டா கை மிசின்ல ஓடோணுமுங்க. இதக் கேட்டா கை கன்னத்துக்குப் போவுதுங்க.”

யாரோ சிடியை எடுத்துவிட்டுப் பழைய சைக்கிள்காரியைப் போட்டார்கள். ஹால் பழையபடி தடதடவென்று ஓடத் தொடங்கியது. தன் பாட்டைத் தன் பாட்டே துரத்தியடித்ததை இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி அந்தோணிராஜ் பார்த்துக்கொண்டு நின்றார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கண், ஹாலின் கோடியில் இருந்த செக்கிங் மேசையைவிட்டு நகரவில்லை. ஆஷா குனிந்த தலை நிமிரவில்லை. அவளுக்குப் பாட்டு காதில் விழுந்ததா, பக்கத்திலிருந்த கம்ப்ரசர் இரைச்சலில் அமுங்கிப்போனதா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

வெளியுலகத்தின் வரவேற்பும் குறை வைக்கவில்லை. காதர்பேட்டைக்கு வந்த வடநாட்டு வியாபாரிகள், சிடி இல்லாத பெட்டியாகப் பார்த்துக் கேட்டார்கள். சிடியால் பெட்டி மூடி சரியாக உட்காரவில்லையாம். ஆட்டோக்காரர்கள் சிடியைக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொமரலிங்கம் பக்கம் போய்வந்த வீரணன், சோளக்காட்டில் கிளி விரட்டுவதற்கு அதைக் கயிற்றில் வரிசையாகக் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

“வெயில்ல நல்லா பளபளங்குது அண்ணே. ஒரு கிளி அண்டலயே.”

“பாட்டு ஓடுச்சா?”

“பாட்டு எதுக்குண்ணே? தட்டு ஒண்ணே போதும்.”

கொமரலிங்கத்தார் பழைய கணக்கை இப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்று செக்கிங் பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள். அந்தோணிராஜுக்கு அது கேட்டது. பழைய ஆளாக இருந்தால் இஸ்திரிப் பெட்டி பறந்திருக்கும். இப்போது அடுத்த பனியனை எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, டீக்கடையில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. அவரே பாடிக்கொண்டிருந்தார், வீட்டுக்குள்ளிருந்து. செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். டிவிக்குக் கீழே இருந்த பிளேயரில் கடைசிக்கு முந்தின பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆஷா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சிடி அட்டை, விரல் நுனியில் ஸ்டிக்கர். பனியன் பாட்டு தொடங்கியதும் பிளேயரை நிறுத்திவிட்டாள்.

அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பாட்டு வரிகளைப் பொடியாக அச்சிட்டிருந்த பக்கம் முழுவதும் சிவப்பு அம்புகள். ஒரு பாட்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு நாலு. பனியன் பாட்டுக்கு மட்டும் இல்லை. அதை அவள் செக்கிங்குக்கே எடுக்கவில்லை போலிருக்கிறது. ஊரே கழித்தபோது தாங்கிய மனுஷனுக்கு, இந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உட்கார்ந்தார்.

“ரிஜெக்டா?” என்று கேட்டார்.

“மூச்சு நிக்கல. மேல போற எடமெல்லாம் விட்டுப்போகுது. ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல அப்படியே கிழிஞ்சிட்டு” என்றாள் ஆஷா. செக்கிங் மேசையில் பேசுகிற அதே குரல். “வெளிய அனுப்புற சரக்கில்ல இது. செகண்ட்ஸ்.”

அவர் தலையை ஆட்டினார். ஆஷா எழுந்து கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். தோள் தையல் கோணிப்போன அவருடைய டீ-ஷர்ட், சாயம் திட்டுத்திட்டான தலையணை உறை, பித்தான் ஓட்டை இல்லாத அவளுடைய நைட்டி.

“என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதீய? இந்த வீட்டுல முதல் தரம்னு என்ன இருக்கு? எல்லாம் செகண்ட்ஸ்தான. அததான நாம வருசக்கணக்கா உடுத்துதோம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், டீக்கடையிலிருந்து அவர் வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள்.

“சிடி வேண்டாம். அந்த ரெண்டாவது பாட்ட நீங்களே பாடுங்க” என்றாள்.

அந்தோணிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆரம்பித்தார். முதல் அம்பைத் தாண்டினார், இரண்டாவதையும் எப்படியோ தாண்டினார். மூன்றாவது அம்பு இருந்த இடத்தில் குரல் பழைய துணிபோலக் கிழிந்தது. ஆஷா வாய் நிறையப் பன்னை வைத்துக்கொண்டு, புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தாள். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒரு முழத் தூரம்கூட இல்லை. அவர் அவளையே பார்த்தபடி, நிறுத்தாமல் அடுத்த வரியைப் பாடினார்.