முதலில் ஓடிய பட்டியல்

நல்லகாமன் உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர், கணிதப் பட்டதாரி. 1983இல் செல்லூரை அடுத்த ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஆனையூரில் குடியிருந்தார். அவ்வறையில் கம்ப்யூட்டர் செய்யும் எந்த வேலையையும் அவர் கையால் தொடங்குவதில்லை. எந்த வேலைக்கு எந்தக் கருவி தேவை என்பதை இயந்திரமே அறியும். கருவி 'உண்டு' என்றிருந்தால் வேலை ஓடும்; 'இல்லை' என்றிருந்தால் பிழை ஏதும் காட்டாமல் காத்துக்கிடக்கும். அந்த 'உண்டு', 'இல்லை'களைப் பதிவதே அவர் பொறுப்பு.

ஆலை நட்டத்தில் விழுந்த ஆண்டு, ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆட்குறைப்புப் பட்டியல் அச்சாக இருந்தது. முந்தின நாளே திரையில் அதைப் பார்த்த நல்லகாமன், அக்காள் கணவர் உக்கிரபாண்டியின் பெயரைக் கண்டதும் மேற்கொண்டு படிக்கவில்லை. திங்களன்று ஆட்குறைப்புக்கு நீதிமன்றத் தடை வந்துவிடும் என்று தொழிற்சங்கத்தார் நம்பினர். அதுவரை பட்டியல் வெளிவராதிருந்தால் போதும். சனிக்கிழமை காலை வந்ததும், தொழிலாளர் விவரம் அடங்கிய டேப்பைச் சுழற்றும் டிரைவை 'இல்லை' என்று பதிந்தார். மேலாளரிடம் பழுது என்றார். சென்னை மெக்கானிக் வந்தால் கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் கைவைப்பார் என்று மேலாளர் நொந்துகொண்டார்.

நண்பகலில் நூற்புப் பிரிவுத் தொழிலாளி பேச்சிமுத்து வந்தார். மனைவி ராமக்காளுக்குப் பிரசவம் சிக்கலாகியிருந்தது. ஆலையுடன் ஒப்பந்தமுள்ள தனியார் மருத்துவமனையில், ஆலை வாராவாரம் தொழிலாளருக்குத் தரும் மருத்துவச் சீட்டு, அந்த வாரத்தது, இருந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் காலையில் அச்சாகும் அச்சீட்டுகளுக்கும் அதே டேப்தான் வேண்டும்.

"மிசின் ரிப்பேருன்னாங்க. எம்பேருக்கு மட்டும் ஒண்ணு அடிச்சுக் குடுங்கண்ணே. அம்புட்டுதேன். அவ ஆட்டோவுலயே கெடக்கா."

ஒருவருக்கு மட்டும் அடிக்க வழியில்லை. டிரைவை விடுவித்தால் காத்திருக்கும் இரண்டு வேலைகளும் ஓடும். ஆட்குறைப்புக்கு மேலாளர் முதலிடம் கொடுத்திருந்தார். அவ்வரிசையை மாற்ற ஆபரேட்டருக்கு உரிமையில்லை. நல்லகாமன் அக்காளை நினைத்தார். பிறகு 'உண்டு' என்று பதிந்தார்.

பட்டியல் அச்சாகியது. உக்கிரபாண்டியின் பெயர் கண்ணெதிரே நகர்ந்து போயிற்று. அடுத்து வந்த சீட்டுகளில் பேச்சிமுத்துவின் சீட்டு இல்லை. மேலும் கீழுமாகத் தேடிய நல்லகாமன், கடைசியில் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அப்பெயர் அங்கே இருந்தது. முதலில் ஓடிய வேலை, அச்சிட்ட பெயர்களைத் தொழிலாளர் விவரத்திலிருந்து நீக்கியும் விட்டிருந்தது. வழக்கம்போல் காலையிலேயே, பட்டியலுக்கு முன்பே, சீட்டுகள் ஓடியிருந்தால் பேச்சிமுத்துவுக்கும் ஒன்று வந்திருக்கும்.

"ஒம்பேர எடுத்துட்டாங்கப்பா" என்றார் நல்லகாமன்.

பேச்சிமுத்து ஆட்டோவுக்கு ஓடினார். அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ராமக்காளின் உயிர் பிரிந்தது, பிள்ளையும் பிழைக்கவில்லை. திங்களன்று தடை வந்தது. பட்டியலின்படி சனிக்கிழமை மாலையே வேலைநீக்க நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டவர்களுக்கு அதனால் பயனில்லை.

துக்கம் கேட்கச் சென்ற நல்லகாமனுக்குப் பேச்சிமுத்து தம் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். சுற்றியிருந்த உறவினரிடம் சொன்னார்:

"இந்தண்ணேதேன் ரிப்பேரான மிசின எனக்காண்டி ஓட்டிப் பாத்தாரு. ஆபீசுல இவரப்போல ஆரு செய்வா?"

உறவினர் ஒருவர் நல்லகாமனைக் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ நீட்டிய செம்பை வாங்கி, நல்லகாமன் தண்ணீரைக் குடித்தார்.