ஒரு சாண் கம்பி

எங்கள் பெரியப்பாவுக்கு நீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீரை இறைக்கும் பொறிகளைப் பற்றி எல்லாம் தெரியும். கிணற்று மோட்டார் பழுதானால் ஆள் தேடமாட்டார். தாமே பிரித்துத் தாமே பூட்டுவார். பூட்டி முடித்த பின் ஓரிரண்டு திருகாணிகள் மிஞ்சும். செய்தவன் தேவைக்கு மேல் வைத்துவிட்டான் என்று சொல்லி, அவற்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார். மோட்டாரும் பெரும்பாலும் ஓடிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினோரு வயது. ஆனைமலைக்கு அப்பால், மலையடிவாரத்து நீர்த்தேக்கத்தின் இக்கரையில் எங்கள் வீடும் அக்கரையில் எங்கள் தென்னந்தோப்பும் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு மரப்படகு. அதன் பின்புறத்தில், மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற இயந்திரம் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. பெரியப்பாவைவிட அதற்கு வயது அதிகம். தோப்பில் வேலை செய்தவர் ஒருவரே அதை ஓட்டினார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டில் எல்லோரும் அவரை 'அவன்' என்றார்கள். ஆகவே நானும் 'அவன்' என்றேன். அவரோ பெரியப்பாவைப் 'பண்ணாடி' என்றும், என்னை 'அம்மணி' என்றும் 'வாங்க', 'போங்க' என்றும் அழைத்தார். இதில் முறைகேடு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

படகின் பக்கச் சட்டத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. அதை முன்னே தள்ளினால் இயந்திரம் விரையும். பின்னே இழுத்தால் அடங்கும். படகைத் திருப்ப வேண்டுமானால் இயந்திரத்தையே கையால் திருப்ப வேண்டும். நெம்புகோலையும் இயந்திரத்தையும் இணைப்பது, ஊரார் ஆக்சிலேட்டர் கேபிள் என்று சொல்லும் விசைக்கம்பி. அந்த ஆவணியில் அது துருவேறி அற்றுப்போயிற்று. படகோட்டி இயந்திரத்தை இடப்பக்கமாக முழுவதும் திருப்பி வைத்து, கம்பி செல்லும் வழியெல்லாம் ஒரு கயிற்றை ஓட்டி அளந்து, முடிச்சிட்டுப் பெரியப்பாவிடம் கொடுத்தார்.

பெரியப்பா கோயமுத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினார். அத்தனை பழைய பொறிக்கு உரிய கம்பி எங்கும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை என் அக்காளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு நூற்பாலை இருந்தது. அவர்களைப் படகில் ஏற்றி அக்கரைத் தோப்பைக் காட்ட வேண்டும் என்பது பெரியப்பாவின் ஏற்பாடு. எனவே மொபெட்டுக்குப் போடும் கம்பி ஒன்றை வாங்கிக்கொண்டு, வெற்றி பெற்றவரைப் போலத் திரும்பினார்.

ஞாயிறு காலை அதைப் பூட்டினார்கள். தூக்குப்போசியில் காப்பி கொண்டுபோன நான் கரைக்கல்லில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். கம்பி இரு முனைகளிலும் பொருந்தியது. பெரியப்பா நெம்புகோலை அசைத்தார்; இயந்திரம் உறுமியது, அடங்கியது. அவர் முகம் மலர்ந்தது. படகோட்டி மட்டும் இயந்திரத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். நெம்புகோலை யாரும் தொடாமலே உறுமல் ஏறியது.

"எடப்பக்கம் திருப்புனா கேபிள இழுக்குதுங்க பண்ணாடி," என்றார். அளவுக் கயிற்றைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தும் காட்டினார். "ஒரு சாண் பத்தாதுங்க."

"மொபெட்டுக்குப் பத்துது, உனக்குப் பத்தாதா? நேராப் போயி நேரா வாடா."

"கரைக்கு வாரப்போ திருப்பித்தானுங்க ஆகோணும். இன்னைக்கு ஒரு நாளைக்குத் துடுப்பு போட்டுக்கறனுங்க."

"மில்லுக்காரரத் துடுப்பு போட்டுக் கூட்டீட்டுப் போறதா? நல்லாத்தான் இருக்கும்! ஓட்டப் பயமா இருந்தாச் சொல்லிப்போடு. தோப்புக்கும் வேற ஆளு பாத்துக்கறேன்."

தோப்பிலேயே அவருடைய குடிசை இருந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். பின்பு தலையைத் தாழ்த்தி, ஒரு மூச்சை இழுத்துவிட்டு, "சரிங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் நாள் ஒன்றுக்கு நூறு முறை காதில் விழும் சொல் அது. கேட்டேன் என்பதற்கும் சரிங்க. செய்கிறேன் என்பதற்கும் சரிங்க. போய்வருகிறேன் என்பதற்கும் சரிங்க.

ஒத்திகையாக அவர் தனியே ஒரு சுற்று போய்வரப் புறப்பட்டார். படகு நேராகவே சென்றது. பெரியப்பா என்னைப் பார்த்து, "பாத்தயா கண்ணு?" என்றார். நடுநீருக்குச் சற்று இப்பால் படகோட்டி கரையை நோக்கி இடப்பக்கமாகத் திருப்பினார். இயந்திரம் அலறியது. அவர் நெம்புகோலைப் பின்னே இழுப்பது தெரிந்தது, அலறல் அடங்கவில்லை. படகு ஒருக்களித்து வெட்டித் திரும்பிய வேகத்தில் அவர் வெளியே வீசப்பட்டார்.

அவருக்கு நீந்தத் தெரியும். நீருக்கு மேலே தலையைத் தூக்கி இரண்டு கை போட்டார். ஆளில்லாத படகு திரும்பிய நிலையிலேயே வட்டமிட்டு, அவர் இருந்த இடத்துக்கே வந்தது. ஒரு முறை அவர் முங்கித் தப்பினார். மறுமுறை வந்தபோது தலை தெரியவில்லை.

"ஆஃப் பண்ணுடா, ஆஃப் பண்ணுடா," என்று பெரியப்பா கத்திக்கொண்டே இருந்தார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பரிசல்காரர்கள் ஓடிவந்தும் அந்த வட்டத்துக்குள் எவராலும் நுழைய முடியவில்லை. பெட்ரோல் தீரும்வரை படகு சுற்றியது. அதன் பிறகே அவரை எடுத்தார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஊர் எல்லையிலேயே செய்தி கேட்டுத் திரும்பிவிட்டார்கள். பிற்பகலில் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, எங்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே, வேலியோரமாக, படகோட்டியின் மனைவி இளைய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அங்கே தெரிய வேண்டியது ஒன்றுதான்: தம் கணவர் கவனக்குறைவால் செத்தாரா, ஏவப்பட்டுச் செத்தாரா என்பது. எழுதப்படுவதைப் பொறுத்தே தோப்புக் குடிசையில் அவர்கள் இருப்பதும் போவதும் இருந்தது என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்தேன்.

பக்கத்தில் இருந்து பார்த்தது நான் ஒருத்திதான் என்பதால் என்னை அழைத்தார்கள். பெரியப்பா என் தலையில் கை வைத்தார்.

"பயப்படாமச் சொல்லு கண்ணு," என்றார் காவலர். "உங்க பெரியப்பா ஓட்டச் சொன்னப்போ அவன் என்ன சொன்னான்?"

"சரிங்கன்னு சொன்னானுங்க."

"கட்டாயப்படுத்தலையே? அடிக்கிறது, திட்டுறது?"

"இல்லீங்க."

இரண்டும் உண்மை. அதற்கு முன் அவர் சொன்னவை எனக்கு நினைவில் இருந்தன. ஆனால் அவற்றை யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் நடுவில் கேட்டதற்கு மட்டும் விடை சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். காவலர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "கெட்டிக்காரப் புள்ள" என்று எவரோ சொன்னார்கள். அவனே சரியென்றுதான் ஏறியிருக்கிறான், விதி யாரை விட்டது என்று பேச்சு வேறு பக்கம் திரும்பலாயிற்று.

அப்போதுதான் வேலியோரத்திலிருந்து குரல் வந்தது.

"அவரு எப்படிச் சொன்னாருங்க அம்மணி?"

அவர் காதில் விழவில்லை என்று எண்ணி, "சரிங்கன்னு," என்றேன் உரக்க.

"அப்படியில்லீங்க. அவரு சொன்ன மாதரயே சொல்லிக் காட்டுங்க."

பள்ளி நாடகங்களில் எனக்குப் பரிசு கிடைத்ததுண்டு. நான் ஓர் அடி பின்வாங்கினேன். இல்லாத துண்டைத் தோளிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கினேன். தலையைத் தாழ்த்தி நிலத்தைப் பார்த்து, அவர் இழுத்த மூச்சையும் இழுத்துவிட்டு, அவர் குரலிலேயே தாழ்வாக, "சரிங்க" என்றேன்.

காவலர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"போதும். உள்ள போ," என்றார் பெரியப்பா.

அந்த அம்மா அழவில்லை. என்னையே பார்த்திருந்துவிட்டு, "அதானுங்க அம்மணி," என்றார். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

நான் அவர் கணவரைப்போலவே பிசகில்லாமல் செய்துவிட்டேன் என்று பாராட்டுகிறார் எனக் கொண்டேன். அம்மாவிடம் அதைச் சொல்ல வீட்டுக்குள் ஓடினேன்.