சல்லடையின் சுவர்

என் அக்கா பீரங்கியை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பீரங்கியின் குறிபார்க்கும் குழாயைத் தாங்கும் இரும்புப் பிடியைப் பல வருடங்கள் வரைந்தாள். வீட்டில் என்ன வரைகிறாய் என்று கேட்டால், "கொக்கி மாதிரி ஒண்ணு" என்பாள். வேறொரு நாள் கேட்டால், "நேத்து வரைஞ்சதோட தம்பி" என்பாள். அதற்கு மேல் அவள் வாயைப் பிடுங்க முடியாது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வீட்டிலேயே துணி தைக்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது, கண் மட்டும் ஓடும். அக்கா படித்து வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், என்னையும் கூடவே வைத்துக்கொண்டாள். அத்தான் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தார்.

அக்காவின் கம்பெனி ஒரு விதியின் மேல் நின்றது. ஆயுதத்தின் படம் அரசாங்க அனுமதி இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. பீரங்கியைக் கப்பலில் ஏற்றுவது மட்டும் ஏற்றுமதி இல்லை. படம் உள்ள லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டினாலும் ஏற்றுமதிதான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால், உட்கார்ந்த இடத்திலேயே ஏற்றுமதி நடந்துவிடும். அதனால் படம் வரைகிறவர்கள் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த விதியைக் காப்பாற்றவும், வரைந்த படங்களைச் சரிபார்க்கவும் ஓர் அதிகாரி இருந்தார். யாரையும் தப்பவிடமாட்டார் என்பதால் அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்ப்பார். குடையை விரித்துப் பார்ப்பார். கம்பெனி முதலாளியின் மச்சானையே வாசலில் நிறுத்தி வைத்தவர் என்று அக்கா ஆரம்பத்தில் பெருமையாகக்கூடச் சொன்னாள். நேர்மையான மனுஷன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் மதியம் அத்தான் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று அக்காவுக்குத் தகவல் வந்தது. அன்று அவள் வெளி வேலையாக வேறொரு தொழிற்சாலைக்குப் போயிருந்தாள். அங்கிருந்து நேராக விமான நிலையத்துக்கு ஓடினாள். தோளில் மாட்டியிருந்த பை தோளிலேயே இருந்தது, பாஸ்போர்ட்டை எப்போதும் அதில்தான் வைத்திருப்பாள். அதற்குள் ஆபீஸ் லேப்டாப்பும் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை, நினைக்கவும் இல்லை. அத்தான் கண் விழிக்காமலே போய்விட்டார். அந்த நாட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த ப்ளக் ஓட்டைகள் வேறு மாதிரி. அவளுடைய சார்ஜர் அதில் நுழையவில்லை. போன் செத்துப்போய், எனக்குச் செய்தி சொல்லக்கூட முடியாமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அத்தானை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தாள்.

வந்த வாரமே விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் சல்லடை. பிணம் இருந்த அறையில் லேப்டாப்பும் இருந்ததா, அங்கே வெளிநாட்டுக்காரர்கள் எத்தனை பேர் வந்து போனார்கள் என்று கேட்டாராம். அக்கா அழுதுவிட்டாள். அப்போது அவர் சொன்னதை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"அழுகைக்கெல்லாம் சட்டத்துல விலக்கு கிடையாதும்மா."

அவளை வரைபட அறையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் கொட்டகையில் போட்டார்கள். மரப்பெட்டிகளின் மேல் எண் ஒட்டும் வேலை. கொக்கியும் இல்லை, கொக்கியின் தம்பியும் இல்லை. தினமும் காலையில் சல்லடைக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். ஒரு நாள் நான் பொறுக்காமல், எப்படியக்கா முடிகிறது, தெய்வம் நின்று கொல்லும் என்று விட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

"தெய்வம் நின்னுக்கிட்டே இருக்குடி. எனக்குத்தான் கால் வலிக்குது" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. அன்றுதான் அவள் விட்டுவிடவில்லை என்று எனக்குப் புரிந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதை நாம் பொறுமை என்கிறோம். மீனைக் கேட்டால் வேறு பெயர் சொல்லும்.

பிறகு நோய் வந்தது. தெருக்கள் காலியாயின. தொழிற்சாலைக் கதவு மூடப்பட்டது. ஆனால் பீரங்கி வாங்கக் காத்திருந்தவர்களுக்கு நோய் ஒரு பொருட்டில்லை போலிருக்கிறது. அரசாங்கம் விதியைத் தளர்த்தியது. படங்களை வீட்டில் வைத்து வேலை செய்யலாம். ஆனால் வீடு நாட்டுக்குள் இருக்க வேண்டும், அறைக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், அந்த அறைக்குள் வெளிநாட்டுக்காரர் கால் வைக்கக் கூடாது. தினமும் காலையில், படத்தைத் திறப்பதற்கு முன், ஒவ்வொருவரும் போன் கேமராவைச் சுற்றிப் பிடித்துத் தங்கள் அறையைக் காட்ட வேண்டும். இதற்கு அறை காட்டுவது என்று பெயர்.

அதை உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். பிறத்தியார் வீட்டுக் கட்டிலடியைப் பார்க்கும் வேலை யாருக்கு வேண்டும்? கொட்டகையில் சும்மா இருந்த அக்காவின் தலையில் கட்டினார்கள். கட்டச் சொன்னவர் சல்லடையேதான்.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் அக்கா உட்காருவாள். கேமராவில் படாத மூலையில் நான் முகமூடி தைத்துக்கொண்டிருப்பேன். படம் எதுவும் திரையில் வராது, வெறும் அறைகள்தான். ஆகையால் நானும் பார்த்தேன். ஒரு இன்ஜினியர் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை குளியலறை, பாவம், வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார். இன்னொருவருக்கு வெளிநாட்டு மனைவி. அவருக்கு வேறு அறை இல்லாததால் காருக்குள் உட்கார்ந்திருந்தார், அந்தம்மா கண்ணாடியைத் தட்டிக் காப்பி கொடுப்பாள். இன்னொரு வீட்டில் மாமியாரின் குறட்டை கதவைத் தாண்டி வரும். "உங்க அத்தைக்குத் தாழ்ப்பாள் எல்லாம் ஒரு தடையா சார்" என்று அக்கா கேட்க, எல்லாரும் சிரிப்பார்கள்.

சல்லடை மட்டும் சிரிக்கமாட்டார். முதல் ஆளாக அறை காட்டுவதும் அவர்தான். வெளிர்மஞ்சள் சுவர், கம்பெனி காலண்டர், தாழிட்ட கதவு. கேமராவை ஒரு அரைவட்டம் சுற்றிவிட்டு, மற்றவர்கள் ஒழுங்காகக் காட்டுகிறார்களா என்று அக்காவை அதட்டுவார். எந்த லேப்டாப் எங்கிருந்து ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் அவர் கையில்தான் இருந்தது. அவரைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

ஒரு நாள் அவர் கை நழுவி, கேமரா கொஞ்சம் கீழே போய் நிமிர்ந்தது. காலண்டருக்குக் கீழே சுவரில் ஒரு ப்ளக் தெரிந்தது. இதென்ன, ஓட்டை வேறு மாதிரி இருக்கிறதே என்று எனக்குப் பட்டது, அவ்வளவுதான். அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. அத்தானின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மாதிரிச் சுவரைத்தான்.

"நன்றி சார். அடுத்தவங்க காட்டலாம்" என்றாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. மறுநாள் அவரிடம் மிகப் பணிவாக, வெளிச்சம் போதவில்லை, ஜன்னலைக் காட்டுங்கள் என்றாள். மூடிய திரையைக் காட்டினார். அதற்கு மறுநாள் தரையைக் கேட்டாள். அதற்கும் மறுநாள் காலண்டரைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். அவர் குரலில் அதட்டல் குறைந்துகொண்டே வந்தது. கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் தையலை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தேன். சொல்லக் கூடாதுதான், பார்க்க நன்றாக இருந்தது. ஊசியைப் பார்த்து உன் காதில் ஓட்டை என்று சொன்ன சல்லடைக்கு, தன் ஓட்டைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தன.

அந்த நேரத்தில் அரசாங்கம் விதியை இன்னும் கொஞ்சம் தளர்த்தியது. எல்லைகள் மூடியதால் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களும் இனி அங்கிருந்தே வேலை செய்யலாம், லேப்டாப்பை எடுத்துப்போனதும் மன்னிக்கப்படும். ஆனால் கம்பெனி அவர்களுக்கு முதலில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி வரும்வரை லேப்டாப்பைத் திறந்திருக்கவே கூடாது. திறக்கவில்லை என்று, அறை பார்க்கும் ஆள் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். திறந்திருந்தால் வேலை போகும், வழக்கும் வரும்.

அன்று சாயங்காலம் சல்லடை அக்காவின் போனுக்குக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் எங்கள் உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இத்தனை வருடங்களில் முதல் தடவை. பிறகு சுற்றி வளைத்துச் சொன்னார். மகள் அந்த ஊரில் கட்டிக்கொடுத்தவள், தாயில்லாப் பெண், பிரசவம். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் போனார், அதற்குள் எல்லையை மூடிவிட்டார்கள். வேலை நின்றால் கேள்வி வருமே என்று லேப்டாப்பைத் திறந்துவிட்டார். ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. திறக்கவே இல்லை, வந்தது முதல் பூட்டித்தான் இருந்தது, தினமும் சும்மா அறையை மட்டும் போனில் காட்டினார் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பெத்தவன் போகாம இருக்க முடியுமா?"

அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"முடியாது சார்" என்றாள். "போகாம இருக்கவே முடியாது. அது எனக்குத் தெரியும்."

அவர் அந்தப் பக்கம் மூச்சை விட்டது எனக்கே கேட்டது. நாளைக் காலையில் அறை காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள். உடனே மேனேஜரைக் கூப்பிட்டு, நாளை அறை காட்டுவதை ஒரு தடவை அவரும் வந்து பார்த்தால் நல்லது என்றாள்.

தைத்துக்கொண்டிருந்த முகமூடியைக் கீழே வைத்தேன்.

"பாவம் இல்லையாக்கா?"

"பாவம்தான். நான் பாவமா இருந்தப்போ யாருடி கேட்டா?"

மறுநாள் காலையில் எல்லாக் கட்டங்களிலும் முகங்கள் வந்தன. வாளிமேல் இன்ஜினியர், காருக்குள் இருப்பவர், மூலையில் மேனேஜர். சல்லடை அன்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். மேனேஜரைப் பார்த்ததும் ஒரு நொடி திடுக்கிட்டார். ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்துத் தைரியம் கொண்டவர்போல் பேச ஆரம்பித்தார். மகள் வீட்டில் மாட்டிக்கொண்டதையும், லேப்டாப் பூட்டியே இருந்ததையும் அழகாகச் சொன்னார். அதற்கு அறை பார்க்கும் அம்மாவே சாட்சி என்றார்.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் கதவு தட்டப்பட்டது. அவர் மறுப்பதற்குள் தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு திறந்தது. ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். துணியில் சுற்றிய சின்ன உருண்டை, சிவந்த முகம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். காருக்குள் இருந்தவர் சிரித்துக் கையசைத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் அத்தானுக்கும் குழந்தை இல்லை. அவள் முகம் கொஞ்சம் இளகியது, உண்மையாகவே இளகியது. போச்சு, விட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பேத்தியா சார்?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்கா. திருஷ்டி சுத்திப் போடுங்க." அக்கா மகள் குழந்தையோடு வெளியே போகும்வரை காத்திருந்தாள். "இப்ப அந்தக் காலண்டருக்குக் கீழ இருக்கிற சுவரைக் காட்டுங்க சார்."

அவர் அசையவில்லை. மேனேஜர் காட்டச் சொன்னார். கேமரா ஆடியபடி இறங்கியது. அந்த ப்ளக்கில் கம்பெனி லேப்டாப்பின் சார்ஜர், அந்த ஓட்டைக்குப் பொருந்தும் ஒரு சின்ன அடாப்டர் மூலம் செருகப்பட்டிருந்தது. கம்பி மேஜைமேல் ஏறிப் போயிற்று. மேஜைமேல் லேப்டாப் திறந்துதான் இருந்தது. பழக்கம். காலையில் எழுந்ததும் திறந்திருப்பார்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. இந்தச் சுவரை முதலில் பார்த்த நாள் முதல் ஒவ்வொரு காலையும் அறை காட்டிய பிறகு இவர் படங்களைத் திறந்து வேலை பார்த்தார், மற்றவர்களின் படங்களுக்கு இவர் அனுப்பிய திருத்தங்களே அதற்குச் சாட்சி, பூட்டியிருந்தது என்று நான் சொல்லமாட்டேன் என்றாள். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று மேனேஜர் கேட்டார். தப்பாக ஒரு பெரிய மனுஷன் மேல் பழி போடக் கூடாதே, நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்றாள். அதற்காக அவளுக்கும் ஒரு கண்டிப்பு வந்தது. அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

சல்லடையின் கட்டம் இருட்டானது. அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டாள். வாளிக்காரர் தன் குளியலறையைச் சுற்றிக் காட்டினார். அவசரமாகச் சுற்றியதில் ஷவர் மட்டும்தான் தெரிந்தது.

அன்று மதியம் அக்கா சமைத்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் இருந்த அவள் போன் அடித்தது. நான் எட்டிப் பார்த்தேன், அவர்தான். நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும் நின்று மறுபடியும் அடித்தது. எனக்குச் சகிக்கவில்லை. அணைத்துவிடவா என்று கையை நீட்டினேன்.

"அணைக்காதே" என்றாள் அக்கா. "எடுக்கவும் எடுக்காதே. சார்ஜ் கம்மியா இருந்தா போட்டு வை. அடிக்கட்டும்."

போட்டு வைத்தேன். அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.