முனியாண்டி சாமி பிடித்து வைத்த மிச்சம்

அண்ணனின் பதினாறாம் நாள் படையலில் ஒரு சிகரெட் பாக்கெட் இருந்தது. இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். பள்ளியில் கூடப் படித்த கூட்டாளி ஒருவர் நல்ல மனதோடு வாங்கி வந்து, ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். வந்தவர் மனதை நோகடிக்கலாமா என்று அம்மா என்னைத் திட்டினார். அந்தக் கூட்டாளி கோபப்படவில்லை. வாசலில் நின்று வேப் என்கிற மாம்பழ வாசனை மின்சிகரெட்டை இழுத்துக்கொண்டே, "எங்களுக்கெல்லாம் சிகரெட் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே உங்க அண்ணன்தான் லா" என்றார்.

அது உண்மைதான். ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதி அண்ணன். சிம்பாங் பூலாய் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போன என் அண்ணன், அதற்கு முந்திய பன்னிரண்டு வருடமாக ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை.

அவன் அதை விட்ட வருடம் நாங்கள் சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை போட்ட தோட்டம். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினாறு. பதின்மூன்று வயதில் பள்ளிக் கழிவறையில் சிகரெட் பழகியவன். அவன் மட்டும் இல்லை, தோட்டத்துப் பையன்களில் பாதிப் பேர் மீசை வருவதற்கு முன்பே பிடித்தார்கள். கடையில் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றிரண்டாகக் கொடுப்பார்கள், வயதைக் கேட்கமாட்டார்கள். அண்ணனுக்குக் காலையில் எழுந்ததும் ஒன்று வேண்டும். அடுப்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்று பிடிப்பான். புகை வெளியே போகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அது உள்ளேதான் வந்தது.

எனக்கு இழுப்பு நோய். ஒரு நாள் மூச்சு விட முடியாமல் உதடு நீலமாகி, ஈப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூக்கில் ஒரு முகமூடி மாட்டினார்கள். அதிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. வீட்டில் அண்ணன் பிடிக்கிறான், இங்கே எனக்கும் கொடுக்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது. வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது என்று டாக்டரம்மா மலாய் மொழியில் கேட்டார். யாரும் இல்லை என்று அம்மா சொன்னார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். பின்னால் நின்ற அண்ணன் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் டாக்டர்" என்றான். அவன் வயதில் வேறு யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தத் துணிச்சல் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்து முனியாண்டி கோயிலில் மஞ்சள் துணி முடிந்து விரதம் எடுத்தான். திருவிழா வரைக்கும் நாற்பத்தெட்டு நாள் சிகரெட்டைத் தொடமாட்டேன், பிறகு அப்படியே விட்டுவிடுகிறேன் என்று வேண்டுதல். பூசை செய்வது எங்கள் மாமா. எங்கள் முனியாண்டிக்குச் சுருட்டு இல்லாமல் பூசையே கிடையாது. பற்ற வைத்து வாயில் சொருகுவார்கள்.

மாமா சிரித்துவிட்டார். "சுருட்டு பிடிக்கிற சாமிகிட்ட வந்தா சிகரெட்ட விடுறேன்னு சொல்ற? வேற சாமி கெடைக்கலையாடா?"

"அவருக்குத்தான் மாமா தெரியும், விடுறது எவ்வளவு கஷ்டம்னு" என்றான் அண்ணன்.

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கிடைப்பதற்காகத்தான் விரதம் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் அவன் பக்கத்தில் போக முடியாது. பென்சில் கேட்டால்கூடக் கத்துவான், பிறகு அவனே பென்சிலைச் சீவிக் கொண்டுவந்து வைப்பான். வாயில் எந்நேரமும் ஆசாம் என்கிற உப்புப் போட்ட புளிப்புப் பழம் இருக்கும், சட்டைப் பையெல்லாம் அதன் கொட்டை. கூட்டாளிகள் மோட்டாரில் வந்து, "என்ன சாமி, ஊதுபத்தியாவது புடிக்கிறீங்களா?" என்று கேட்டு அவன் முகத்துக்கு நேராகப் புகை விடுவார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவான். உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது.

ஒரு நாள் ரோட்டோரத்தில் கிடந்த ஒரு துண்டுச் சிகரெட்டை அவன் குனிந்து எடுத்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காலால் மண்ணில் தேய்த்தான். எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

ஒன்பது வயது மூளை நன்றாகவே கணக்குப் போட்டது. சாமிக்குப் படைத்த பொங்கலை நாம் சாப்பிடுகிறோம். சாமிக்கு வைத்த பீரை மாமாக்கள் குடிக்கிறார்கள். யாருக்கும் பாவம் வந்ததில்லை. அப்படியென்றால் சாமி பிடித்த சுருட்டும் பிரசாதம்தானே?

நாற்பத்தோராம் நாள், பள்ளி விட்டதும் நேராகக் கோயிலுக்குப் போனேன். மாமா சிமெண்டுத் தரையில் குறட்டை விட்டுத் தூங்கினார். சாமியின் வாயில் பாதி எரிந்து அணைந்த சுருட்டு இருந்தது. எக்கி எடுத்தேன். வெறுமனே கொடுத்தால் மரியாதை இல்லை என்று வாழையிலைத் துண்டில் திருநீறு, ஒரு பூ எல்லாம் வைத்து மடித்தேன். விளக்குப் பக்கத்தில் இருந்த தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். "அண்ணே, பிரசாதம்" என்று நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு பக்தியாகத்தான் வாங்கினான். பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"யாரு குடுத்தா?"

"சாமி."

"சாமி குடுத்தாரா, நீ எடுத்தியா?"

"சாமி புடிச்சிட்டு வச்சது அண்ணே. விரதம் ஒண்ணும் முறியாது லா."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சுருட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடினான். அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு நானே குச்சியைக் கிழித்து நீட்டினேன். சுருட்டு உதட்டுக்குப் போய்விட்டது. நெருப்பு அதன் நுனியைத் தொடப்போகும் நேரத்தில், புகை வருவதற்கு முன்பே எனக்குப் பழக்கத்தில் ஒரு இருமல் வந்தது. சின்ன இருமல்தான். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். உடனே குச்சியை ஊதி அணைத்தான்.

ஈரச் சைக்கிளிலேயே என்னை உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். மாமா இன்னும் எழவில்லை. சுருட்டைச் சாமி வாயில் பழையபடி வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொன்னான். இனிமேல் எடுக்கமாட்டேன் சாமி என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

அண்ணன் முடிக்கவில்லை. கையைக் கூப்பி, தலையைக் குனிந்து நின்றுகொண்டே இருந்தான். எனக்குக் கால் வலித்தது. அவன் சட்டையை இழுத்தேன்.

"நான்தானே அண்ணே எடுத்தேன். நீ ஏன் இவ்வளவு நேரம் கும்புடுற?"

"கொஞ்சம் இரு பாப்பா" என்றான்.

அப்போதுதான் கவனித்தேன், கூப்பிய இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. முனியாண்டி கோபக்காரச் சாமி, அந்தப் பயம்தான் என்று எனக்குப் பட்டது. பாவமாக இருந்தது. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத அண்ணே, சாமி உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாரு" என்று தைரியம் சொன்னேன்.