கேட்டும் விட்டுவிட்ட அப்பா பேர்

நர்சிங் படித்த மூன்று வருடமும் எங்கள் டியூட்டர் மேடம் ஒரே பாட்டைத்தான் பாடினார். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் ஆள் சரியா பார், மருந்து சரியா பார், அளவு பார், உடம்பில் ஏற்றும் வழி பார், நேரம் பார். அதிலும் ஆளைப் பார்க்கும்போது, "இன்னார்தானே?" என்று பேரை நீயே எடுத்துக் கொடுக்காதே, அவர்கள் வாயால் சொல்ல வை என்பார். பரீட்சையில் இதை அப்படியே எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். அந்தப் பேப்பரை இன்றைக்கு யாராவது கொண்டுவந்து காட்டினால் சுக்குநூறாகக் கிழித்துப் போடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஆண்கள் வார்டில் எட்டுக் கட்டில். காலை டியூட்டிக்கு நான் ஒருத்திதான். எனக்கு வாயும் நீளம், கையும் வேகம். அந்தப் பிள்ளை ஊசி போட்டால் வலியே தெரியாது என்று பேர் வாங்கி வைத்திருந்தேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறிப்போயிருந்தது, பொய் சொல்வானேன்.

அன்று காலை ஏழு மணிக்கு, இரவு டியூட்டி சிஸ்டர் நோட்டை என் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். நோட்டில் ஒரு பேர், முன்னால் இனிஷியல், பக்கத்தில் 'இன்சுலின் இருபது யூனிட், சாப்பாட்டுக்கு முன்' என்று இருந்தது. கட்டில் நம்பர் இல்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர் அது. முந்தின நாள் சாயங்காலம் சேர்ந்தவர்களில் இரண்டு பேருக்கு அதே பேர் என்பது எனக்குத் தெரியாது. ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு வந்த சர்க்கரைக்காரர். இன்னொருவர் மூன்று நாள் காய்ச்சலோடு வந்த ஜீப் டிரைவர். சர்க்கரைக்காரர் அந்த நேரம் பார்த்து, சீனி போட்ட டீ குடிக்க வாசல் கடைக்கு நழுவியிருந்தார். நாலாம் கட்டிலில் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள்.

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு, புது முகமாகக் கண்ணில் பட்ட அந்த நாலாம் கட்டிலில் போய் நின்றேன்.

"அக்கா, இவுக பேரு என்னக்கா?"

அந்த அக்கா சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து முந்தானையைத் திருகினாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அம்மாவும் இப்படித்தான். ரேஷன் கடையில் அப்பா பேரைக் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், நான்தான் சொல்ல வேண்டும். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள். சரி, பாவம், சங்கடப்படுத்துவானேன் என்று நோட்டில் இருந்த பேரை நானே சொல்லி, அதுதானே என்று கேட்டேன். வேகமாகத் தலையாட்டினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் அவர் பேர்.

இனிஷியல் கண்ணில் பட்டது. "அவுக அப்பா பேரு?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். கேட்கவே இல்லை என்றாலாவது மனசு ஆறும்.

"மாமனாரு பேரை நான் எப்படித் தாயி சொல்லுவேன்? அவுக ராத்திரி பூராம் அனத்திக்கிட்டே கெடந்தாக. இப்பத்தான் கண்ணசந்தாக. எந்திரிச்சதும் அவுககிட்டயே கேட்டுக்கிருங்க."

டாக்டர் ரவுண்ட்ஸ் வர நேரமாகிவிட்டது. இன்னும் மூன்று பேருக்கு ஊசி பாக்கி. எழுப்பிக் கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் அவர் சட்டைக் கையை மெல்ல ஒதுக்கி, தூக்கம் கலையாமல் போட்டுவிட்டேன். "அரை மணி நேரத்துல சாப்பிடக் குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். மூன்று நாளாக அந்த மனுஷர் வயிற்றில் கஞ்சித் தண்ணியைத் தவிர எதுவும் இல்லை.

எட்டரை மணிக்கு அந்த அக்கா வராந்தாவுக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சிஸ்டரு, காச்சல் விட்டுருச்சு! வேர்த்து ஊத்துது பாருங்க. உங்க கைராசி!"

போய்த் தொட்டுப் பார்த்தேன். உடம்பு சில்லென்று இருந்தது, சட்டை நனைந்திருந்தது. காய்ச்சல்காரருக்கு வேர்த்தால் நல்லதுதானே? நானும் சிரித்தேன். "நல்லாத் தூங்கட்டும், எழுப்பாதீக" என்று சொன்னது இந்த வாய்தான். அந்த அக்கா சந்தோஷத்தில் பேச ஆரம்பித்தாள். விடியக்காலையில் குமுளி மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப்பாம் அவர் ஓட்டுவது. அத்தனை பெண்களையும் பேர் பேராய்க் கூப்பிட்டு ஏற்றுவாராம். ஒருத்தி குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டாராம். "சீட்டு, கீட்டு ஒண்ணும் கெடையாது. எல்லாம் அவுக மண்டைக்குள்ளயே இருக்கு" என்றாள்.

ஒன்பது மணி வாக்கில் சர்க்கரைக்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "ஏம்மா, ஊசி போடாம எப்ப நான் சாப்புடுறது? வயிறு காந்துது."

"பேரு என்ன?" என்றேன். சொன்னார். அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னார்.

நோட்டில் இருந்த இனிஷியல் இவருடையது. அப்படியானால் டிரைவருக்கு வேர்த்தது காய்ச்சல் விட்டதால் இல்லை, இன்சுலினில் சர்க்கரை இறங்கியதால். உடனே ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் பத்தடி தூரத்தில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுத்து மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. வேலை போய்விடும், போலீஸ் வரும், கல்யாணத்துக்குப் பார்த்திருக்கிற இடம் தட்டிப்போகும் என்று என் பாட்டையே நினைத்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷமோ, கால் மணி நேரமோ. சீ, நானும் ஒரு நர்ஸ்!

வெளியே அந்த அக்கா அலறிய பிறகுதான் கதவைத் திறந்தேன். அவருக்கு வலிப்பு வந்து கட்டிலே ஆடிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் ஓடி, ஊசி மாறிப்போனதைச் சொன்னேன். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி குளுக்கோஸ் ஏற்றினார். வலிப்பு நின்றது, அவர் கண் திறக்கவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது" என்றார். வீட்டு ஆட்களிடம், காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கண் விழித்தார். பத்துப் பதினைந்து நாளில் நடந்தார், சாப்பிட்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பிய அடுத்த மாதம் நானும் அந்த வேலையை விட்டேன்.

மூன்று வருடம் கழித்து, உத்தமபாளையத்தில் ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதும் மேசையில் இருந்தேன். ஊசி வேலை வேண்டாம் என்று நானே கேட்டு வாங்கிய இடம். ஒரு காலையில் தலை நிமிராமலே, "பேரு சொல்லுங்க" என்றேன். பதில் வரவில்லை. நிமிர்ந்தேன். அந்த ஜீப் டிரைவர் நின்றிருந்தார். சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற சம்சாரத்தைப் பார்த்தார்.

அந்த அக்கா அவர் பேரைச் சொன்னாள். கூச்சம் கீச்சம் எதுவும் இல்லாமல், சத்தமாக. கேட்காமலே மாமனார் பேரையும் சொன்னாள்.

"அவுகளுக்கு வாயில வர மாட்டேங்குது. போற எடமெல்லாம் நாந்தான சொல்லணும். வலிப்பு மாத்திரை வாங்க வந்தோம்" என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஆத்தாடி, நீங்க அங்கன இருந்த சிஸ்டருல்ல?"

ஆமாம் என்றேன்.

"உங்களைப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு தாயி. அன்னைக்குக் காலையில அவுக அப்பா பேரைக் கேட்டீகள்ல. நான் சொல்ல மாட்டேன்னுட்டேன். அது எதுக்குக் கேட்டீக? சொல்லிருந்தா எதுவும் மாறியிருக்குமா?"

அவள் கண்ணில் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. தன்மேல்தான் சந்தேகம். மூன்று வருடமாக அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். என்மேல்தான் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாரம் இறங்கியிருக்கும். எதனால் நடந்தது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"சும்மாதான்க்கா, நோட்டுல எழுதுறதுக்குத்தான்" என்றேன். "சொல்லிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது."

"அப்பாடா" என்றாள். அவருடைய பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். பேரும் அப்பா பேரும் எழுதின சீட்டை அவளிடம் நீட்டினேன்.

"நல்லா இருங்க தாயி" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.